60 ஜிபி, 14 நாளில் காலி. வீட்டில் யார் தின்கிறார்கள்?

14 ஜூன் 2023, இரவு 9.40

தென்னாப்பிரிக்கா, பீட்டர்மாரிட்ஸ்பர்க், நார்த்டேல். சிம் போட்ட வீட்டு ரூட்டர். மாதம் 60 ஜிபி பகல் டேட்டா, அதுபோக 60 ஜிபி இரவு டேட்டா. இரவு என்றால் நள்ளிரவு 12 முதல் காலை 7 வரை. அந்த நேரத்தில் நாங்கள் தூங்குவோம். ஆகவே அந்த 60 ஏட்டுச் சுரைக்காய்.

பகல் டேட்டா எந்த மாதமும் 27ஆம் தேதி வரை வந்துவிடும். கடைசி மூன்று நாள் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டுவோம். இந்த மாதம் இன்று மத்தியானமே தீர்ந்துவிட்டது. இன்று தேதி 14!

சென்னைப் பதிப்பகம் ஒன்றுக்கு வீட்டிலிருந்து மெய்ப்புப் பார்க்கிறேன். இன்று அனுப்ப வேண்டிய கோப்பைக் கைப்பேசி டேட்டாவில் அனுப்பித் தப்பித்தேன். நாளைக்கு என்ன செய்வது?

ஃபைபர் போடச் சொல்லி யாரும் எழுத வேண்டாம். வாடகை வீடு. ஆணி அடிக்கவே வீட்டுக்காரரிடம் கேட்க வேண்டும், சுவரில் ஓட்டை போடுவது நடக்காத காரியம்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஜூன் 1 அன்று அத்தை (மாமியார்) திருநெல்வேலியிலிருந்து வந்திருக்கிறார். ஆகஸ்ட் கடைசி வரை இருப்பார். டேட்டா ஓட ஆரம்பித்ததும் அவர் வந்ததும் ஒரே மாதம். நான் ஒன்றும் சொல்லவில்லை. தேதியைத்தான் சொல்கிறேன்.

14 ஜூன், இரவு 11.15

தலையில் அடித்துக்கொள்ள ஒரு விஷயம். "எச்சரிக்கை எஸ்எம்எஸ் வரவில்லையா?" என்று இந்தப் பதிவின் கீழே ஒருவர் கேட்டிருந்தார். வந்திருக்கிறது! 2019 முதல் நடப்பில் உள்ள ஐகாசா (இங்குள்ள தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) விதிப்படி 50, 80, 100 விழுக்காடு தீர்ந்ததும் நிறுவனம் சொல்லியாக வேண்டும். சொல்லியிருக்கிறார்கள். யாருக்கு? சிம்முக்கு. சிம் எங்கே? ரூட்டருக்குள். ரூட்டருக்கு ஏது கண்?

பிரவுசரில் ரூட்டரின் முகவரியை, 192.168.8.1 என்று அடித்து உள்ளே போனால் ஓர் ஓரத்தில் எஸ்எம்எஸ் பெட்டி. படிக்காதவை 61. முதல் 30 ஜிபி போன செய்தி 7ஆம் தேதியே வந்து தூங்குகிறது. ஒரு வாரத்தில் பாதி! அன்றைக்கே பார்த்திருந்தால் தேடுவதற்கு மிச்சம் 30 ஜிபியாவது கையில் இருந்திருக்கும். சிம் ரூட்டர் வைத்திருப்பவர்கள் இந்தப் பெட்டியை ஒரு தடவை திறந்து பாருங்கள்.

15 ஜூன்

நேற்று எழுதியவர்களில் முக்கால்வாசிப் பேர் சொன்னது: பக்கத்து வீட்டுக்காரன் வைஃபை திருடுகிறான். சரி. கடவுச்சொல்லை மாற்றினேன். வைஃபையின் பெயரையும் மாற்றினேன். பொத்தானை அமுக்கினால் சேர்த்துக்கொள்ளும் அந்த டபிள்யூபிஎஸ்ஸையும் அணைத்தேன்.

அரை மணி நேரத்தில் கதவு தட்டும் சத்தம். வீட்டுக்காரரின் அம்மா. எல்லாரும் ஆயா என்போம். கையில் கைப்பேசி. ஆயாவுக்குத் தெரிந்த தமிழ் "வா", "சாப்ட்டாச்சா", "நல்லா இரு". மற்றதெல்லாம் இங்கிலீஷ். அவருடைய தாத்தா காலத்தில் கரும்புத் தோட்டத்துக்கு வந்த குடும்பம். இரண்டு வருஷத்துக்கு முன் அவருக்குக் கடவுச்சொல் கொடுத்தது நானேதான், மறந்தே போயிருந்தேன். வாட்ஸாப்பில் கேப்டவுன் பேத்தியோடு பேசுவார், அவ்வளவுதான். திரும்பப் போட்டுக் கொடுத்தேன். போகும்போது எங்கள் வாசல் பக்கம் பார்த்து, "ஓ, நைஸ் சாரீஸ்" என்றார்.

ஆக, வீட்டில் ஒன்பது கருவிகள்: என் கைப்பேசி, என் கணவருடையது, அத்தையுடையது, ஆயாவுடையது, பையனின் டேப்லெட், என் மடிக்கணினி, டிவி, பிரிண்டர், மே மாதம் அவர் மாட்டிய வாசல் கேமரா. கேமரா சும்மா கிடப்பது. யாராவது வந்தால்தான் படம் எடுக்கும்.

ரூட்டர் பட்டியலில் இருப்பதோ 14. மீதி ஐந்து யார்? இதைத் தேடியதில் ஒன்று தெரிந்தது. இப்போதுள்ள கைப்பேசிகள் ஒவ்வொரு முறை சேரும்போதும் புதுப்புது மேக் முகவரி (கருவியை ரூட்டர் அடையாளம் காணும் எண்) சொல்லிக்கொண்டு வருமாம். ஒரே ஆள் அஞ்சு பெயரில் ரேஷன் கார்டு வாங்குவது மாதிரி. எப்படிப் பிடிப்பது?

16 ஜூன்

இளைஞர் நாள் விடுமுறை. அவர் வீட்டில் இருந்தார், இரண்டு பேரும் உட்கார்ந்து கணக்குப் போட்டோம்.

அத்தை தினம் நான்கு சீரியல் பார்க்கிறார், இணையம் வழியாக டிவியில். விளம்பரம் போக ஒன்று 22 நிமிஷம். ஒன்றரை மணி நேரம் என்று வையுங்கள். நெட்ஃபிளிக்ஸ் தன் உதவிப் பக்கத்தில் சொல்லும் கணக்கு: மணிக்குக் குறைந்த தரம் 0.3 ஜிபி, நடுத்தரம் 0.7, எச்டி 3 வரை, 4கே 7 வரை. சீரியல் ஆப் வேறு என்றாலும் படம் படம்தானே. நடுத்தரத்தில் நாளுக்கு ஒரு ஜிபி. எச்டி என்றால் நாளுக்கு நாலரை!

கண்டுபிடித்துவிட்டேன் என்று துள்ளிக் குதித்து ஆப்பைத் திறந்தால் தரம் ஏற்கெனவே நடுத்தரத்தில்தான் இருக்கிறது. போன வருஷம் நானே வைத்தது. பரவாயில்லை என்று அதையும் கீழே இறக்கினேன்.

சாயங்காலம் அத்தை இரண்டு நிமிஷம் பார்த்துவிட்டுக் கேட்டது: "எம்மா, இவ மூக்குத்தி போட்டிருக்காளா இல்லையான்னே தெரியலியே?"

அப்புறம் இன்னொரு சந்தேகம். ரூட்டர் காட்டும் மொத்தம் 55.9. நிறுவனம் 60 தீர்ந்தது என்கிறது. நாலு ஜிபி எங்கே? எடையில் கை வைக்கிறார்கள் என்றே நினைக்கிறேன்.

17 ஜூன்

இரண்டு தப்பு, இரண்டும் என்னுடையவை.

ஒன்று: 60க்கும் 55.9க்கும் வித்தியாசம் திருட்டு இல்லை. நிறுவனம் ஒரு ஜிபியை நூறு கோடி பைட் என்று எண்ணுகிறது. ரூட்டர் 1024ஐ மூன்று முறை பெருக்கி, 107 கோடிச் சொச்சம் சேர்ந்தால்தான் ஒன்று என்கிறது. 60ஐ இப்படி வகுத்தால் 55.88. படியும் மரக்காலும் மாதிரி, அளவு வேறு, நெல் ஒன்றுதான். நேற்று வாய் நீண்டுவிட்டது.

இரண்டு: கைப்பேசி ஒவ்வொரு முறையும் புது மேக் முகவரி சொல்லும் என்றேனே, அதுவும் சரியில்லை. பொதுவாக ஒரு வைஃபை பெயருக்கு ஒரு முகவரி என்று வைத்துக்கொள்ளும். நான்தான் 15ஆம் தேதி வைஃபை பெயரை மாற்றினேன். நான்கு கைப்பேசி, ஒரு டேப்லெட், ஐந்தும் புது முகவரி போட்டுக்கொண்டன. பழைய ஐந்தும் பட்டியலில் பேயாக நின்றன. 9 + 5 = 14. திருடன் இல்லை. திருடனைப் பிடிக்கப் போய் நானே ஐந்து பேரை உண்டாக்கியிருக்கிறேன்.

இப்படிப்பட்ட மாற்று முகவரியைக் கண்டுகொள்வது எளிது. முகவரியின் இரண்டாவது எழுத்தைப் பாருங்கள். 2, 6, ஏ (A), ஈ (E) இந்த நான்கில் ஒன்றாக இருந்தால் அது கருவி தானே சூட்டிக்கொண்ட பெயர். மற்றபடி தொழிற்சாலை வைத்த பெயராக இருக்கும், அதன் முதல் பாதியைத் தேடினால் எந்த நிறுவனம் செய்தது என்று தெரியும்.

18 ஜூன், காலை

எழுதவே கூச்சமாக இருக்கிறது. நேற்று இரவு சாப்பிடும்போது பையன், "பாட்டி, உங்களாலதான் நெட் தீந்துபோச்சாம்" என்றான். நாங்கள் இருவரும் சமையலறையில் பேசியதைக் கேட்டிருக்கிறான். அத்தை ஒன்றும் சொல்லவில்லை. ரசத்தை ஊற்றிக்கொண்டார். சாப்பிட்டு எழுந்தபின் டிவி போடவில்லை.

19 ஜூன்

வெள்ளிக்கிழமை மத்தியானம் 5 ஜிபி தனியாக வாங்கிப் போட்டிருந்தேன். சனிக்கிழமை சாயங்காலத்திலிருந்து டிவி ஒரு நிமிஷம்கூட ஓடவில்லை. பையன் டேப்லெட் என் பீரோவில். 5 ஜிபி இன்று மத்தியானம் காலி.

அப்படியானால் சீரியல் இல்லை. அத்தை இல்லை. நான் என்ன செய்துவைத்திருக்கிறேன்?

20 ஜூன்

"ரூட்டரிலேயே கருவிவாரிக் கணக்கு இருக்குமே, அதைப் பார்த்தால் தீர்ந்தது" என்று இருவர் எழுதியிருந்தீர்கள். இருக்கிறது. ஆனால் மின்வெட்டு வந்து ரூட்டர் அணைந்து எழுந்தால் அந்தப் பட்டியல் சுத்தமாகத் துடைத்துவிடப்படும். மாத மொத்தம் மட்டும் நிற்கும். நேற்று இரண்டு தடவை மின்வெட்டு, ஒவ்வொன்றும் இரண்டு மணி நேரத்துக்கு மேல். மின்சாரம் தரும் எஸ்காம் நிறுவனமே தடயத்தை அழித்துக் கொடுக்கிறது. ரூட்டருக்கென்று விற்கும் குட்டி யுபிஎஸ் வாங்க வேண்டும் என்று அவர் ஆறு மாதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

மின்சாரம் போனாலும் அழியாதது காகிதம். மணிக்கொரு தடவை மொத்தத்தைப் பார்த்து எழுதி வைத்தால் எந்த நேரத்தில் ஏறுகிறது என்றாவது தெரியும். ஆனால் எனக்கு வேலை இருக்கிறது, அவருக்கு அலுமினிய ஆலையில் ஷிப்ட். நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோது அத்தை, "எங்கன பாக்கணும்னு காட்டு, நான் எழுதுதேன்" என்றார்.

அத்தை பால் கூட்டுறவுச் சங்கத்தில் 26 வருஷம் கணக்கு எழுதியவர். விடிகாலை நாலரைக்கு அளவையும் கொழுப்பையும் எழுதிய கை. பையனின் பழைய நோட்டை வாங்கி, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, நேரம், அளவு, கூடுதல், குறிப்பு என்று நான்கு கட்டம். குறிப்பு எதற்கு என்றேன். "பாலு கொறைஞ்சா மாடு சினையான்னு எழுதணும்லா" என்றார்.

22 ஜூன்

அத்தையின் நோட்டிலிருந்து, நேற்றைய பக்கம், அப்படியே:

காலை 8 மணி 0.21. 9 மணி 0.26 (துணி காயப்போட்டாச்சு). 10 மணி 0.61. 11 மணி 1.02. 12 மணி 1.38 (காத்து). 1 மணி கரண்டு இல்லை. 3 மணி 1.44. 4 மணி 1.71. 5 மணி 1.74 (துணி எடுத்தாச்சு). 6 மணி 1.80.

நேற்று முழுக்க நான் அச்சுத்தாளில் மெய்ப்புப் பார்த்தேன், மடிக்கணினியைத் திறக்கவே இல்லை. பையன் பள்ளிக்கூடத்தில். அவர் ஆலையில். அத்தை கையில் நோட்டு. அப்படியும் ஒன்றரை ஜிபிக்கு மேல் போயிருக்கிறது, அதுவும் பட்டப்பகலில்.

துணி, காற்று என்றெல்லாம் குறிப்பு எழுதியிருக்கிறார் பாருங்கள், பால் சங்கம் விடவில்லை. இரசித்துச் சிரித்தோம்.

24 ஜூன்

நேற்று நாள் முழுக்கத் தூறல். குளிர். வெள்ளிக்கிழமை என்றாலும் அத்தை கோவில் கேட்கவில்லை. பையனுக்குச் சளி, வீட்டில் படுத்துக்கொண்டு டேப்லெட்டில் கார்ட்டூன் பார்த்தான். நான் மடிக்கணினியில் வேலை செய்தேன். எல்லாரும் வீட்டில், எல்லாம் ஓடுகிறது, மொத்தம் 0.9. யாரும் ஒன்றும் செய்யாத புதன்கிழமை 1.8. எனக்குத் தலை சுற்றுகிறது.

இன்று காலை ரூட்டர் பக்கத்தைத் திறந்து சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் இரண்டு அம்பு, மேலே ஒன்று கீழே ஒன்று, இப்போதைய வேகத்தைக் காட்டும். மேல் அம்புப் பக்கம் 2 எம்பிபிஎஸ் (நொடிக்கு 2 மெகாபிட், எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட்) என்று ஓடி, நின்று, திரும்ப ஓடுகிறது. வீட்டுக்குள் ஏறி வருவதுதான் மேல் அம்பு என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். ரூட்டருக்கு இணையம்தான் மேலே. மேல் அம்பு என்றால் வீட்டிலிருந்து வெளியே போவது.

இது பெரிய விஷயம். டேட்டா என்றால் நாம் பார்ப்பது, இறக்குவது என்றே மனசு போகிறது. அனுப்புவதையும் அதே 60இல்தான் கழிப்பார்கள். பத்து நாளாக "யார் பார்க்கிறார்கள்" என்று தேடினேன். கேட்டிருக்க வேண்டியது "எது அனுப்புகிறது".

அனுப்பக்கூடியவை என்று எழுதிப் பார்த்தேன். வாட்ஸாப் காப்புப் பிரதி: அது நடுநிசிக்குப் பின் இரண்டு மணிவாக்கில் போகும், இரவுக் கணக்கு. வீடியோவும் சேர்ந்து போகிறதா என்று மட்டும் பார்த்தேன், போய்க்கொண்டிருந்தது, நிறுத்தினேன். கைப்பேசிப் படங்களின் தானியங்கிக் காப்பு: என்னுடையது அணைந்திருக்கிறது, அவருடையது ஓடுகிறது, ஆனால் கைப்பேசி பகலில் அவரோடு ஆலையில். விண்டோஸ்: இறக்கிய அப்டேட்டை மற்ற கணினிகளுக்குப் பங்கு போட்டுக் கொடுக்கும் ஓர் ஏற்பாடு அதில் உண்டு, இணையத்தில் முகம் தெரியாதவர்களுக்கும் கொடுக்கச் சொல்லலாம். அணைத்தேன். வைஃபையை 'அளவுள்ள இணைப்பு' என்றும் குறித்துவிட்டேன். ஆனால் புதன்கிழமை மடிக்கணினி மூடிக் கிடந்ததே.

25 ஜூன்

ஞாயிறு. லாங்மார்க்கெட் தெரு முருகன் கோவிலுக்குப் போய்விட்டு (தெருப் பெயர் லங்கலிபலேலே என்று மாறிவிட்டது, நம்மவர் வாயில் இன்னும் லாங்மார்க்கெட்தான்) அப்படியே ஊர் சுற்றி இருட்டித் திரும்பினோம். புனித வெள்ளியன்று தீமிதி நடக்கும் பூக்குழி இடத்தை அத்தை நின்று பார்த்தார். நம்ம ஊரில் ஆடியில் மிதிப்பார்கள், இங்கே கிறிஸ்தவ விடுமுறையில் மிதிக்கிறார்களே என்று ஆச்சரியம். தோட்டத்து ஆட்களுக்கு என்றைக்கு லீவு கிடைத்ததோ அன்றைக்குத்தான் சாமியும் என்றேன், அந்தக் காரணம்தான் இங்கே எல்லாரும் சொல்வது.

டேட்டா: காலை 7 முதல் இரவு 7 வரை 0.08. வீட்டில் யாரும் இல்லை, அதனால் ஒன்றும் ஓடவில்லை. இதிலிருந்து ஒன்றும் தெரியாது.

26 ஜூன், மத்தியானம் 2.30

பிடித்தாயிற்று!!

இன்று பெர்க் காற்று. இந்தப் பக்கம் இல்லாதவர்களுக்கு: டிராக்கன்ஸ்பர்க் மலைக்கு அப்பால் உள்ள மேட்டு நிலத்திலிருந்து இறங்கி வரும் காற்று, இறங்க இறங்கச் சூடேறும். நடுக் குளிர்காலத்தில், அடுத்த குளிர் வருவதற்கு முன்னால், திடீரென்று சித்திரை மாதம் மாதிரி ஒரு நாள். ஜன்னல் எல்லாம் அடித்துக்கொண்டது. 12 மணிக்கு அத்தை நோட்டோடு வந்தார். "எம்மா, இன்னைக்கு ரெண்டே முக்கா. ஏதோ அடச்சிட்டு ஓடுது."

மேல் அம்பு நிற்கவே இல்லை. 2, 2, 2 என்று நிற்கிறது. ரூட்டர் பட்டியலில் ஒவ்வொரு கருவியாகத் தடுத்தேன். டிவி தடுத்தேன், 2. பிரிண்டர், 2. மடிக்கணினி, இந்தப் பக்கமே போய்விட்டது (அறிவு!), கைப்பேசியில் திறந்தேன், 2. அத்தை கைப்பேசி, 2. கேமரா. சைபர்.

திறந்து விட்டேன். 2. தடுத்தேன். சைபர். மூன்று தடவை செய்து பார்த்தேன். கை நடுங்கியது, உண்மையாகவே.

கேமரா ஆப்பைத் திறந்தேன். கடவுச்சொல் அவரிடம், ஆலைக்குப் போன் போட்டு வாங்கினேன். இன்று மட்டும் மத்தியானம் வரை 180க்கு மேல் வீடியோத் துண்டுகள். முதல் துண்டைத் தொட்டேன். அரக்கு நிறம், கடுகு மஞ்சள் கரை, திரை முழுக்க. ஒரு நொடி விலகினால் கேட் தெரிகிறது, ஒரு பல்லி அளவுக்கு. மறுபடி சேலை. அடுத்த துண்டு: சேலை. அடுத்தது: பச்சைச் சேலை. அதன் கீழே அவர் லுங்கி.

27 ஜூன்

நேற்று பாதியில் ஓடிவிட்டேன், முழுசாகச் சொல்கிறேன்.

மே மாதம் இரண்டு வீடு தள்ளி கேட்டை உடைத்துத் திருடிவிட்டார்கள். அவர் பயந்துபோய் கேமரா வாங்கி வாசல் தூணில் மாட்டினார். அசைவு தெரிந்தால் ஒரு நிமிஷத் துண்டாக எடுத்து வெளியே உள்ள சர்வருக்கு அனுப்பும், கட்டணம் கட்டிய சேவை. அசைவு என்றால் மனிதன் என்று அதற்குத் தெரியாது. படத்தில் புள்ளிகள் மாறினால் அசைவு, அவ்வளவுதான்.

நாங்கள் மெஷினில் துவைத்து வீட்டுக்குள் ஸ்டாண்டில் காயப்போடுகிறவர்கள். அத்தை வந்த மறுநாளே, "வெயிலு இந்தா அடி அடிக்கு, துணிய உள்ளயா காயப்போடுதீங்க" என்று அவகாடோ மரத்திலிருந்து கேட் தூணுக்குக் கொடி கட்டச் சொன்னார். கட்டியது என் கணவர். கேமராவுக்கு நேர் முன்னால், மூன்றடி தூரத்தில். கேமராவை மாட்டியவரும் அவரே. இதை அவரிடம் நேற்று இரவு ஐந்து முறை சொன்னேன்.

கணக்கு: 2 எம்பிபிஎஸ் என்றால் நொடிக்குக் கால் எம்பி, நிமிஷத்துக்கு 15 எம்பி. சாதாரண நாளில் 130 துண்டு, கிட்டத்தட்ட 2 ஜிபி. நேற்று சாயங்காலம் வரை போயிருந்தால் 270 துண்டு, 4 ஜிபி. நாங்கள் வழக்கமாகச் செலவழிப்பது நாளுக்கு 2.2. இதோடு இந்த 2 சேர்ந்தால் 60 ஜிபி எத்தனை நாள் வரும்? 14!

இப்போது அத்தையின் குறிப்புக் கட்டத்தைத் திரும்பப் படியுங்கள். "துணி காயப்போட்டாச்சு" எழுதியதும் ஏறுகிறது. "துணி எடுத்தாச்சு" எழுதியதும் நிற்கிறது. தூறல் நாளில் துணி வெளியே இல்லை. கோவிலுக்குப் போன அன்று துணி துவைக்கவே இல்லை. 25ஆம் தேதி "இதிலிருந்து ஒன்றும் தெரியாது" என்று எழுதிய மேதை நான். யாரும் இல்லாத வீட்டில் ஓடியிருக்க வேண்டிய ஒரே கருவி கேமரா, அதுவும் ஓடவில்லை என்றால் ஏன் என்று கேட்டிருக்க வேண்டாமா? 15ஆம் தேதி ஆயா வேறு வாசலைக் காட்டிச் சேலையைப் பற்றிச் சொல்லிவிட்டுப் போனார். நாங்கள் சிரித்த குறிப்புகளில்தான் விடை முழுக்க இருந்தது.

28 ஜூன்

கேட்டவர்களுக்கு, செய்த மாற்றம்: ஆப்பில் அசைவு பார்க்கும் இடத்தைக் கட்டம் போட்டுக் கேட்டை மட்டும் விட்டோம். மனித உருவம் என்றால் மட்டும் எடு என்ற பொத்தானும் இருந்தது, போட்டோம் (லுங்கியை அது இரண்டு முறை மனிதன் என்றது). உள்ளே ஒரு மெமரி கார்டு போட்டு எல்லாவற்றையும் அதில் எழுதச் சொல்லிவிட்டோம். கார்டில் எழுதுவதற்கு டேட்டா போகாது. வெளியிலிருந்து திறந்து பார்த்தால் மட்டும்தான் போகும்.

"அத்தையைக் கொடியை மாற்றச் சொல்வதுதானே?" என்று ஒருவர். நான் சொல்ல மாட்டேன். நீங்கள் வந்து சொல்லுங்கள்.

எப்போதும் நேரலையாக அனுப்பும் கேமரா வைத்திருப்பவர்களுக்கு ஒரு சின்னக் கணக்கு: 1 எம்பிபிஎஸ் ஓயாமல் போனால் மணிக்கு 0.45 ஜிபி, நாளுக்கு 10.8, முப்பது நாளுக்கு 324. இரவு டேட்டா தனியாக இல்லாத 60 ஜிபிக்காரர்கள் ஆறாம் நாள் காலி.

30 ஜூன்

மாமியாரிடம் மன்னிப்புக் கேட்டாயா என்று மூன்று பேர். கேட்கவில்லை. எப்படிக் கேட்பது, "உங்களைச் சந்தேகப்பட்டேன்" என்றா? சீரியலின் தரத்தை நடுத்தரத்துக்கு ஏற்றி, நானே டிவியைப் போட்டு, பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் சாய்ந்து பார்த்துவிட்டு, "போட்டிருக்கா" என்றார். மூக்குத்தியை.

யோசித்துப் பார்த்தால் நான் முழுக்கத் தப்பும் இல்லை, அதுதான் உறுத்துகிறது. அவர் வந்ததும் டேட்டா ஓடியதும் ஒரே மாதம் என்றேன். உண்மைதானே. அவர் வராமல் கொடி இல்லை, கொடி இல்லாமல் துண்டு இல்லை. தேதி சரியாக இருந்ததால்தான் இத்தனை நாள் வேறு பக்கம் பார்க்கவில்லை. மனுஷர்மேல் ஒரு தேதி பொருந்திவிட்டால் கருவிகளைப் பார்க்கவே தோன்றுவதில்லை.

பையனிடம் மட்டும் சொன்னேன், பாட்டியால் இல்லை, அப்பா மாட்டிய கேமராவால் என்று. ஓடிப் போய் இதையும் சொல்லிவிட்டான். பாதிதான் சொல்லியிருக்கிறான். அத்தை என் கணவரைப் பார்த்து, "சவத்த, அத கழட்டிப் போடேன்டா" என்றார்.

16 ஜூலை

அரை மாதம், 31 ஜிபி. வழக்கத்துக்கு வந்துவிட்டது.

ஒரு சின்னத் தொடர்ச்சி. இரவில் கைப்பேசி தூங்க விடமாட்டேன் என்கிறதே என்று பார்த்தால் அதுவும் கேமராதான். இருட்டில் பார்க்க அது அகச்சிவப்பு விளக்கு போடும், அந்தக் கதகதப்பான மூலையில் சிலந்தி வலை கட்டியிருக்கிறது. வலை ஆடும்போதெல்லாம் துண்டு. கார்டில்தான் விழுகிறது என்பதால் டேட்டா போகாது, ஆனால் 'உங்கள் வாசலில் அசைவு' என்று இரவு மூன்று மணிக்குக் கைப்பேசி கத்துகிறது. விளக்குமாற்றை எடுத்துத் துடைத்தேன். மறுநாள் புது வலை.

1 ஆகஸ்ட்

ஜூலை கணக்கு: 31ஆம் தேதி இரவு 2.6 ஜிபி மீதம். குட்டி யுபிஎஸ் வாங்கியாயிற்று, மின்வெட்டிலும் ரூட்டர் எரிகிறது, கருவிவாரிப் பட்டியல் அழிவதில்லை. ஆகவே நோட்டு தேவையில்லை என்றேன். அத்தை கேட்கவில்லை. மணிக்கொரு தடவை என்பதைக் காலை, மாலை என்று குறைத்துக்கொண்டார். "மெசினு சொல்லுததுக்கும் நாம எழுதுததுக்கும் ஒத்துப் போவுதான்னு பாக்கணும்லா."

29 ஆகஸ்ட்

அத்தை நேற்று முன்தினம் கிளம்பிவிட்டார். நோட்டை எடுத்துப் போகவில்லை, ஃபிரிட்ஜ் மேல் வைத்திருக்கிறார், பேனாவோடு. கொடியை நாங்கள் அவிழ்க்கவில்லை. என் கணவர் தன் ஆலைச் சட்டையை அதில் காயப்போடுகிறார், கேமரா பார்க்காத பாதியில்.

இன்று காலை அத்தை ஊரிலிருந்து வாட்ஸாப்பில் கூப்பிட்டார். வந்து சேர்ந்தது, வெயில், பக்கத்து வீட்டுக் கல்யாணம் எல்லாம் சொல்லி முடித்துவிட்டு, "மீட்டரு எவ்வளவு நிக்கி?" என்றார். பார்த்துச் சொன்னேன், 5.3 மீதம் என்று. "நோட்டுல எழுதினியா?"

இல்லை என்றேன். போனை வைக்காமல் காத்திருந்தார். எழுதினேன்.